பச்சோந்தியின் தீனியும் வயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் "பச்சோந்தி வளர்க்கிற ஆளு" என்று பேர் வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கூடப் பக்கத்து இலைக்காரர் போனை நீட்டி, "இது ஏன் சாப்பிட மாட்டேங்குது?" என்கிறார். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஆண் ஏமன் பச்சோந்தி, அதோடு நானே செய்து பார்த்துப் பட்ட தப்புகள்.

அண்ணே, எங்க வீட்டு வேலியில ஒரு பச்சோந்தி நிக்குது. பிடிச்சு வளர்க்கலாமா?

முதலில் அது பச்சோந்திதானா என்று பாருங்கள். எனக்கு வரும் படங்களில் முக்கால்வாசி ஓணான். கழுத்து சிவந்து, தலையை ஆட்டி, ஆள் வந்தால் விருட்டென்று ஓடினால் அது ஓணான். பச்சோந்திக்குக் கண் குமிழ் மாதிரி துருத்திக்கொண்டு இருக்கும், ஒன்று முன்னால் பார்த்தால் மற்றது பின்னால் பார்க்கும். விரல்கள் இடுக்கி போல இரண்டு பிரிவாகச் சேர்ந்திருக்கும். ஒரு அடி வைப்பதற்குள் நாலு முறை முன்னும் பின்னும் ஆடும்.

நிஜப் பச்சோந்தியாகவே இருந்தாலும் பிடிக்கக்கூடாது. நம் கருவேலங்காட்டிலும் வேலியிலும் இருப்பது இந்தியப் பச்சோந்தி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சும்மா ரோட்டைக் கடக்கிறது என்றால் ஒரு குச்சியை நீட்டி ஏறவிட்டு, அது போய்க்கொண்டிருந்த பக்கத்து மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

அப்ப நீங்க மட்டும் வச்சிருக்கீங்களே?

நியாயமான கேள்வி. என்னிடம் இருப்பது ஏமன், சவூதி பக்கத்து இனம். இதுவும் மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியும் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன. இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். இனி வரும் பதில்கள் எல்லாம் முறையாக வாங்கிய இந்த இனங்களுக்குத்தான்.

சோறு, பழம், பணியாரம் ஏதாவது சாப்பிடுமா?

எதிர்வீட்டு ஆச்சி ஒரு வெள்ளைப் பணியாரத்தைப் பிட்டு அதன் மூக்குக்கு நேராகக் கால்மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஒரு கண்ணால் பணியாரத்தையும் இன்னொரு கண்ணால் ஆச்சியையும் பார்த்தது, அவ்வளவுதான். பச்சோந்திக்கு இரை என்றால் அசைய வேண்டும். உயிருள்ள பூச்சிதான் அதன் சாப்பாடு.

ஏமன் பச்சோந்தி மட்டும் கொஞ்சம் இலையும் கடிக்கும். கூண்டுக்குள் செம்பருத்திச் செடி வைத்தால் இலையில் அரைவட்டம் அரைவட்டமாக வெட்டு விழுந்திருக்கும். அது வியாதி இல்லை, தின்னட்டும். பேந்தர் வகை இலையைப் பெரும்பாலும் சீண்டாது.

எந்தப் பூச்சி கொடுக்கணும்? இந்த ஊர்ல எங்க போய் வாங்குறது?

அன்றாடச் சாப்பாட்டுக்குச் சுவர்க்கோழி, சந்தையில் கிரிக்கெட் என்பார்கள். அதோடு பட்டுப்புழு. பட்டுப்புழுவில் கொழுப்பு குறைவு, நீர்ச்சத்து அதிகம், உடம்பு மெத்தென்று இருப்பதால் எளிதில் செரிக்கும். முசுக்கட்டை இலை கிடைத்தால் வீட்டிலேயே வளர்க்கலாம். கோழிப்பண்ணைக்காரர்கள் வளர்க்கும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவும் நல்லது. அதில் இயற்கையாகவே சுண்ணாம்புச் சத்து உண்டு. சில நேரம் மெல்லாமல் விழுங்கிவிட்டால் எச்சத்தில் முழுசாக வரும், பயப்பட வேண்டாம்.

வண்டின் புழுக்களான சூப்பர்வோர்ம், மீல்வோர்ம் இரண்டும் அரோவானா என்ற வளர்ப்பு மீனுக்காக விற்பவை. சென்னை கொளத்தூர்ப் பக்கம் போனால் டப்பா டப்பாவாகக் கிடைக்கும். சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே எல்லோரும் அதையே போடுகிறார்கள். அதில் கொழுப்பு அதிகம். பலகாரம் மாதிரி எப்போதாவது ஒன்றிரண்டு போதும். நான் சென்னை போகும்போது கிரிக்கெட் வாங்கி வந்து, முட்டை அட்டையைப் பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வளர்க்கிறேன். ராத்திரி அதன் சத்தம் கேட்டு வீட்டில் விழுந்த திட்டைத் தனியாக எழுதலாம்.

வயல்ல தத்துக்கிளி நிறைய இருக்கே, அதைப் போடலாமா? மழைக்கு வர்ற ஈசல்?

காட்டுப் பச்சோந்தி அதைத்தான் தின்கிறது என்பது உண்மை. சிக்கல் மருந்துதான். நெல்வயலிலும் மிளகாய்த் தோட்டத்திலும் எப்போது தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பூச்சி தின்ற மருந்து பச்சோந்திக்குள் போகும். மருந்தே அடிக்காத பொட்டல், கண்மாய்க் கரைப் புல் என்று உறுதியாகத் தெரிந்தால் தத்துக்கிளி நல்ல தீனி. முள்ளுள்ள பின்னங்காலைக் கிள்ளிவிட்டுக் கொடுங்கள்.

ஐப்பசி மழைக்கு விளக்கடியில் விழும் ஈசல் கொழுப்பானது. நாலைந்து கொடுத்தால் ஒன்றும் ஆகாது. வீட்டுக் கரப்பான் கூடவே கூடாது, எந்த வீட்டில் எந்த மருந்தை மிதித்து வந்ததோ. பல்லி வேண்டாம், அதன் வயிற்றுப் புழு இதற்கு வரும். மின்மினி வேண்டவே வேண்டாம். சில அமெரிக்க மின்மினி இனங்களில் உள்ள நஞ்சு, ஒன்றிரண்டு தின்ற வளர்ப்புப் பல்லியினங்களைக் கொன்றிருக்கிறது. நம் ஊர் மின்மினியை வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை போடணும்?

குட்டிக்குத் தினமும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்கிற அளவு. வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு முதல் ஆறு பூச்சி. பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலை அகலத்தைத் தாண்டக்கூடாது.

கேட்டதெல்லாம் கொடுப்பதுதான் நம் ஊர்ப் பாசம். பச்சோந்தியிடம் அந்தப் பாசத்தைக் காட்டினால் கொழுத்துப்போகும், பெட்டையாக இருந்தால் இன்னும் மோசம். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பூச்சிக்கே தீனி போடணும்னு சொல்றீங்களே, அது எதுக்கு?

வெறும் வயிற்றுக் கிரிக்கெட் என்பது காலி டப்பா. கடையில் நாலு நாள் அட்டைப்பெட்டியில் கிடந்ததை அப்படியே போட்டால் பச்சோந்தியின் வயிற்றுக்குள் போவது வெறும் ஓடுதான். கொடுப்பதற்கு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பிருந்தே பூச்சிக்கு நன்றாகச் சாப்பாடு போடுங்கள். அது தின்றது இதற்குப் போய்ச் சேரும்.

என் கிரிக்கெட் தொட்டியில் முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, சர்க்கரைவள்ளி, பரங்கிக்காய், பப்பாளி மாறி மாறிப் போகும். சாம்பாருக்கு நறுக்கும்போது கழிகிற கேரட் தலையும் போகும். பசலைக்கீரையைத் தவிர்க்கிறேன், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கால்சியம்னா சுண்ணாம்புதானே? வெத்தலைப் பெட்டியில இருக்கறதையே தடவிக் கொடுக்கலாமா?

கேட்டவர் வயதானவர், விளையாட்டாகக் கேட்கவில்லை. கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றிய சுண்ணாம்பு, வாயையும் குடலையும் அரித்துவிடும். வீட்டுச் சுவருக்குப் பூசி நூறு வருடம் நிற்க வைக்கிற சரக்கு அது.

வேண்டியது கால்சியம் கார்பனேட். மருந்துக்கடையிலோ செல்லப்பிராணிக் கடையிலோ பொடியாகக் கிடைக்கும். நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டை மாவாக இடித்துச் சலித்தும் பயன்படுத்தலாம். பூச்சியை ஒரு டம்ளரில் போட்டு, ஒரு சிட்டிகை பொடி தூவி ஒரு குலுக்கு. மேலே லேசாக வெண்மை படிந்தால் போதும், மைதாவில் புரட்டிய பஜ்ஜி போல ஆகவேண்டாம். கிரிக்கெட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத்தான் இந்தத் தூவல். வைட்டமின் டி3 கலந்த பொடியும் பல வைட்டமின் பொடியும் மாதம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். அவை உடம்பில் தங்கித் தேங்கக்கூடியவை.

எங்க வீட்டு முற்றத்துல நல்லா வெயில் விழுது. அது போதும்தானே?

முற்றத்து வெயிலை விட நல்ல விளக்கு இல்லை. வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிர் தோலில் பட்டுத்தான் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் நீங்கள் தூவிய கால்சியம் குடலில் இருந்து உடம்பில் ஏறும். காலை வெயிலில் இருபது நிமிடம், வலைக்கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி வையுங்கள். வெளிறிப்போய் வாயைத் திறந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், உடனே நிழலுக்கு மாற்றுங்கள். கத்திரி வெயிலில் எட்டரை மணிக்கு மேல் நான் வைப்பதில்லை. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் அது அடுப்பு.

என் தப்பு இங்கேதான் நடந்தது. முதல் வருடம் கூண்டை மாடி ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல். சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் அதன் முதுகில் விழுவதைப் பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடி புற ஊதா-பி கதிரை உள்ளே விடாது என்று தெரியாது. நாலாவது மாதம் ஒரு நாள், ஒரு சாண் தூரத்தில் இருந்த கிரிக்கெட்டைக் குறிவைத்து நாக்கை வீசியது. நாக்கு பாதி வழியில் விழுந்தது. மறுபடி வீசியது, மறுபடி எட்டவில்லை. உடம்பு நீளத்தை விட ஒன்றரை மடங்கு போகவேண்டிய நாக்கு. மூன்றாவது முறை முயற்சி செய்யாமல் வாயை மூடிக்கொண்டு கிரிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எலும்புக்கும் தசைக்கும் கால்சியம் குறைந்ததன் முதல் அடையாளம் அது. மருத்துவரிடம் ஓடி, புற ஊதா-பி விளக்கு போட்டு, பழையபடி ஆக மூன்று மாதம் பிடித்தது.

கிண்ணத்துல தண்ணி வச்சும் குடிக்கவே மாட்டேங்குது. ஊற்றுத் தண்ணி வைக்கணுமா, கேன் தண்ணியா?

எந்தத் தண்ணியும் ஆகட்டும், நாம் குடிக்கிற தண்ணி போதும். பிரச்சினை கிண்ணம். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் தண்ணீராகவே எடுத்துக்கொள்ளாது. இலையில் மினுங்கும் துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் செடி மேல் இரண்டு மூன்று நிமிடம் பனித்துளி போலத் தெளியுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊசித்துளை போட்டுக் கூண்டின் மேல் வைத்து, இலை மேல் சொட்டவிட்டாலும் போதும். குடிக்கத் தொடங்க அதற்குப் பத்து நிமிடம் ஆகும். நீங்கள் முன்னால் நின்று முறைத்துக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் ஆகும்.

எச்சம் எப்படி இருக்கணும்? பார்க்கவே சங்கடமா இருக்கு.

சங்கடப்படாதீர்கள், அது வாய் திறந்து சொல்லாததை எல்லாம் எச்சம்தான் சொல்லும். நல்ல எச்சத்தில் இரண்டு பகுதி இருக்கும். பழுப்போ கறுப்போ, உருண்டு நீண்ட, உருவம் கலையாத மலம். அதன் ஓரத்தில் வெள்ளையாக, ஈரமாக ஒரு கட்டி. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர்க் கழிவு, யூரேட்.

வெள்ளை, வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதும். முனையில் மட்டும் லேசான மஞ்சள் என்றால் கவலை இல்லை. முழுக்க ஆரஞ்சாக, சாக்கட்டி போலக் காய்ந்து வந்தால் தண்ணீர் போதவில்லை. அப்படியே நாட்கணக்கில் விட்டால் சிறுநீரகம் கெடும், மூட்டில் யூரிக் அமிலம் படிந்து வீங்கும். மலம் தண்ணியாக, சளியோடு, நாற்றம் குடலைப் புரட்டும்படி வந்தாலோ, நூல் போன்ற புழு நெளிந்தாலோ, ரத்தம் கண்டாலோ ஆய்வகம் போகவேண்டிய நேரம். ஒரு முறை தண்ணியாகப் போனால், முந்தின நாள் பட்டுப்புழு அதிகம் கொடுத்தேனா என்று முதலில் யோசிப்பேன். பெரும்பாலும் அதுதான்.

அஞ்சு நாளா வெளிக்குப் போகலை. ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடலாமா?

வளர்ந்த பச்சோந்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தின்பது, அஞ்சு நாள் போகாமல் இருப்பது சில நேரம் சாதாரணம். வயிறு உப்பாமல், கண் தெளிவாக, கிளை ஏறி இறங்கினால் இன்னும் இரண்டு நாள் பாருங்கள்.

விளக்கெண்ணெய், ஓமத்தண்ணி, தேன், தயிர் எதுவும் வேண்டாம். பச்சோந்திக்கு மூச்சுக்குழல் வாயின் முன்பக்கமே திறந்திருக்கும். வலுக்கட்டாயமாக ஊற்றினால் வயிற்றுக்குப் போவதை விட நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். மலம் கட்டுவதற்குக் காரணம் அநேகமாக மூன்றே. தண்ணீர் குறைவு, சூடு குறைவு, அல்லது கூண்டுத் தரையில் போட்ட மணல், மரத்தூளை நாக்கோடு சேர்த்து விழுங்கியது. தரையில் ஒன்றும் போடாதீர்கள், செய்தித்தாள் போதும். இரண்டு நாள் தீனியை நிறுத்தி, தெளிப்பதை நாலு வேளை ஆக்கி, அது வெயில் காயும் கிளையில் 30 முதல் 33 டிகிரி சூடு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பகலில் ஒரு மரக்கிளையில் நடக்கவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காலையில பார்த்தா, நேத்து தின்ன பூச்சி முழுசா வெளிய கிடக்கு. கக்கிடுச்சா?

ஆமாம். கேட்டவரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றே: "ராத்திரி ஏசி போட்டீங்களா?" போட்டிருந்தார், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீனி கொடுத்துவிட்டு.

நமக்கு உடம்புச்சூடு உள்ளேயே இருக்கிறது, அதற்கு வெளியில் இருந்து வரவேண்டும். சூடு இல்லாவிட்டால் செரிமான நொதிகள் வேலை செய்யாது, தின்றது வயிற்றிலேயே கெட்டுப்போகும், உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். அதனால் தீனி எப்போதும் காலையில், தின்றபின் சில மணி நேரமாவது சூடேற வழி இருக்கும்படி. ராத்திரி குளிர்ச்சி கெடுதல் இல்லை, நிறைந்த வயிற்றோடு குளிர்ச்சிதான் கெடுதல். கார்த்திகை, மார்கழியில் மூன்று நாள் மழை மூட்டம் என்றால் என்னுடையது தானாகவே தின்பதைக் குறைத்துக்கொள்ளும், நானும் போடுவதில்லை. பெரிய பூச்சி, அளவுக்கு மீறிய தீனி, வயிற்றுப் புழு ஆகியவையும் காரணமாகலாம். சூடு சரியாக இருந்தும் இரண்டாம் முறை கக்கினால் மருத்துவர்.

எங்க ஆட்டுக்குப் போடுற பூச்சி மருந்தைக் கொஞ்சமா கொடுத்தா என்ன?

உங்கள் ஆடு இருபது கிலோ. வளர்ந்த ஆண் ஏமன் பச்சோந்தி நூறு முதல் இருநூறு கிராம்தான். "கொஞ்சமா" என்பதைக் கையால் அளக்கவே முடியாது. எந்தப் புழு என்று தெரியாமல் கொடுத்தும் பலன் இல்லை. புழுவுக்கான மருந்து காக்சிடியா என்ற ஓரணு ஒட்டுண்ணியைத் தொடாது.

எச்சம் பற்றிய பதிலில் சொன்ன அடையாளம் தெரிந்தால், புதிய எச்சத்தை, காய்வதற்குள், சின்ன மூடி டப்பாவில் போட்டு அன்றே எடுத்துப் போங்கள். ஆட்டின் புழுக்கையை நுண்ணோக்கியில் பார்க்கும் எந்த ஆய்வகமும் இதையும் பார்க்கும். மருந்தின் அளவைச் சொல்லத்தான் ஊர்வனவற்றைப் பார்த்த மருத்துவர் வேண்டும். நமக்குப் பக்கம் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. இல்லையென்றால் சென்னை வேப்பேரி. போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூப்பர்வோர்ம் தவிர எதையும் தொட மாட்டேங்குது. பட்டினி போடலாமா?

விற்றவர் "தினம் பத்துப் புழு போடுங்க, போதும்" என்று சொல்லியிருப்பார். என்னிடமும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். ருசி கண்டுவிட்டது, இனி பிடிவாதம்தான்.

வளர்ந்த, சதைப்பற்றுள்ள, நோயில்லாத பச்சோந்தி ஒரு வாரம் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். மூன்றாம் நாள் ஒரு பச்சைத் தத்துக்கிளியைக் கிளையில் ஏறவிடுங்கள். நிறமும் நடையும் மாறினால் ஆசை வரும். என்னுடையது ஆறாம் நாள் இறங்கி வந்தது. குட்டிக்கும் மெலிந்ததற்கும் இந்த வைத்தியம் கிடையாது. தின்ன ஆசைப்பட்டுக் குறிவைத்தும் நாக்கு எட்டாமல் போனால் அது பிடிவாதம் இல்லை, முற்றத்து வெயில் கேள்வியில் சொன்ன கதை.

அவசரம்ணே, பின்னால சிவப்பா என்னமோ தொங்குது!

ஆணாக இருந்தால் இனப்பெருக்க உறுப்பு சில நொடி வெளியே வந்து உள்ளே போவது உண்டு. நிமிடங்கள் ஆகியும் உள்ளே போகவில்லை என்றால் குடலோ உறுப்போ பிதுங்கியிருக்கிறது. உள்ளே தள்ளாதீர்கள். காயவிடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துத் துணியை நனைத்து மேலே வைத்தால் வீக்கம் கொஞ்சம் வடியும். அப்படியே துணிப்பையில் ஒரு கிளையோடு வைத்து அன்றைக்கே மருத்துவரிடம். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற விஷயம் இல்லை.

பெட்டை. ஆண் வாடையே கிடையாது. ரெண்டு வாரமா சாப்பிடாம கூண்டு மூலையைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. வயித்துக் கோளாறா?

வயிறு பெருத்திருக்கும், தின்னாது, தரைக்கு இறங்கி இறங்கி வரும். இதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்தவர்கள் பலர். இது முட்டை. ஏமன் பெட்டை ஆண் சேராமலே முட்டையிடும், கோழி மாதிரி. எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு முட்டை. அளவில்லாமல் போட்டு வளர்த்தால் ஒரே ஈட்டில் ஐம்பது, அறுபது கூட வரும். அத்தனை ஓட்டுக்கும் கால்சியம் அதன் எலும்பில் இருந்துதான் போகும். அதனால்தான் பெட்டைக்கு வளர்ந்தபின் தீனியைச் சுருக்கி, சூட்டையும் இரண்டு மூன்று டிகிரி குறைத்து வைக்கச் சொல்கிறேன்.

இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி எடுத்து, சலித்த மணலை ஓர் அடி ஆழம் கொட்டி, தோண்டினால் சரியாத அளவுக்கு ஈரம் சேர்த்துக் கூண்டுக்குள் வையுங்கள். கூண்டைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கட்டி மறையுங்கள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தோண்டுவதை நிறுத்தி முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. தோண்டி இரண்டு நாள் ஆகியும் இடாமல், பகலில் கண்ணை மூடிச் சோர்ந்து உட்கார்ந்தால் அன்றே கொண்டு போங்கள். இட்டு முடித்தால் மணலை மூடிவிட்டு, சுருங்கிப்போன வயிற்றோடு, மண் அப்பிய முகத்தோடு மேலே ஏறி வரும். முதலில் தண்ணீர், நிறையத் தெளியுங்கள். அப்புறம் இரண்டு வாரம் கணக்குப் பார்க்காமல் தினமும் பொடி தூவிய கிரிக்கெட்.